வாடைத் தள்ளுபடி

இன்று காலை தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளங்கையில் தட்டினேன், குலுக்கினேன், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் வெள்ளையாக அடைத்துக்கொண்டு நின்றது. குளியலறை ஜன்னல் வழியாக வடக்கிலிருந்து ஒரு காற்று வந்து வெறும் முதுகில் பட்டது. உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, புட்டியை வெந்நீர்ச் செம்புக்குள் இறக்கினேன். எண்ணெய் உருகிவிட்டால் அப்புறம் சாட்சி ஏது?

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். வாடைக்காற்று வந்துவிட்டது என்று உறுதியானால் அன்றைக்கே நான் யாராவது ஒருவர் மேலுள்ள கோபத்தை விட்டாக வேண்டும். சிநேகிதன் என்ற உரிமையில் நீ போட்ட சட்டம் அது. ‘வாடைத் தள்ளுபடி’ என்று அதற்குப் பெயரும் வைத்தாய். “ஜவுளிக்கடைக்காரன் ஆடிக்குத் தள்ளுதான். நீ வாடைக்குத் தள்ளுலே” என்றாய். நீ ஆனி மாதம் போய்ச் சேர்ந்தாய். இது நீ இல்லாமல் வந்திருக்கிற முதல் வாடை.

வெளியூர்க்காரர்களிடம் நம்முடைய வாடையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். இதெல்லாம் ஒரு குளிரா என்பார்கள். நாக்பூரில் நான் வேலை பார்த்த வருஷங்களில் பல் கிட்டிப்போகிற குளிரைப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் அதற்காக ஏங்கிக் காத்திருந்ததில்லை. காத்திருப்பது நம்மைப் போல வெந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் மேல்காற்று ஜன்னல் கதவுகளை அடித்து நொறுக்கும், மணலை அள்ளிச் சோற்றில் போடும். ஆனாலும் அது காற்று. புரட்டாசி பாதியில் அதுவும் நின்றுவிடும். அதன்பிறகு பாளையங்கோட்டையில் ஒரு வேப்பிலை அசையாது. மின்விசிறி சூட்டை அள்ளி நம் தலையிலேயே கொட்டும். கரண்ட் போனால் தெருவே வாசலுக்கு வந்து நின்று அரசாங்கத்தை ஏசும். அந்த நாட்களில் நீ என்னைச் சீண்டுவாய்.

“ஊரே ஒன்ன மாதிரி மூஞ்சிய வச்சிருக்கு பாரு. காத்துத் திரும்பட்டும், எல்லாம் சரியாயிரும். ஒன் மூஞ்சியத் தவிர.”

மற்றவர்கள் தீபாவளிக்குக் காத்திருந்தார்கள். நீ வாடைக்குக் காத்திருந்தாய். டீக்கடையில் வடக்கே பார்த்த பெஞ்சில்தான் உட்காருவாய். ஐப்பசி பிறந்ததும் அந்தக் கத்தரிப்பூ நிறக் குரங்குக் குல்லாயை பீரோவிலிருந்து எடுத்து, வெயிலில் காயவைத்து, கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய். விளையாட்டு வாத்தியார் பையில் விசில் இருக்கும். உன் பையில் விசிலும் குல்லாயும் இருந்தன.

உன் பள்ளிக்கூடம் சீவலப்பேரியில். அது நமக்கு வடகிழக்கே இருப்பதால் வாடை முதலில் அங்கே இறங்கி, பிறகுதான் பாளையங்கோட்டைக்கு வரும் என்பது உன் கணக்கு. மைதானத்தில் நின்றபடி எனக்குப் போன் போடுவாய்.

“லே, இங்கன வந்துட்டு. இன்னும் கொஞ்ச நேரத்துல அங்கன வந்துரும். வாசல்ல போயி நில்லு.”

“டவுன் பஸ்லயா வருது?”

“பஸ்ஸுக்கு முந்தி வரும். அது எல்லா ஸ்டாப்புலயும் நிக்காதுலே.”

வாசலில் போய் நிற்பேன். ஒன்றும் வராது. இடி இடித்து மழைக்கு முன்னால் குப்பென்று ஒரு குளிர் அடிக்குமே, கொஞ்ச நேரம் ஆளை ஏமாற்றிவிட்டுப் பழையபடி புழுங்க வைக்குமே, அதுதான் உனக்கு வந்திருக்கும். அதற்குக் ‘கள்ள வாடை’ என்று பெயர் வைத்தவன் நான். வருஷம் தவறாமல் நீ அதில் விழுந்தாய். சாயங்காலம் குல்லாய்க்குள் வேர்த்து வடிய வந்து நின்று, “குளிருதுலே, நெசமாக் குளிருது” என்று தோளைக் குறுக்கிக் காட்டுவாய். கழுத்தில் வேர்வை ஓடுவதை நான் சுட்டிக்காட்டினால், “சவத்த விடு, அது மழத் தண்ணி” என்பாய்.

ஒரே ஒரு வருஷம் உன் போன் பலித்தது. அன்றைக்கு என் கைபேசி அணைந்து கிடந்ததால் நான் பௌதிகம் நடத்தும் கல்லூரியின் போனுக்கே அடித்துவிட்டாய். எடுத்தவர் ஆய்வக உதவியாளர். “வாடை வந்துட்டுன்னு பௌதிகம் சார்ட்ட சொல்லுங்க. ஒடனே வெளிய வரச் சொல்லுங்க” என்று கத்தியிருக்கிறாய். உனக்கும் எனக்கும் வாடை என்றால் காற்று. அந்த மனிதருக்கு வாடை என்றால் நாற்றம். பக்கத்து அறை வேதியியல் ஆய்வகம், மேஜைக்கு மேஜை காஸ் குழாய். அவர் வேறு என்ன நினைப்பார்? ஓடிப்போய்க் குழாயை மூடினார், மணியை அடித்தார், “காஸ் வாடை! காஸ் வாடை! எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்று வராந்தா முழுக்கக் கூவினார். கல்லூரியே மைதானத்துக்கு வந்துவிட்டது. முதல்வர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்து, “எங்கய்யா வாடை? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார்.

அப்போதுதான் வந்தது. வடக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற வேப்பமரம் முதலில் அசைந்தது. பிறகு பெண்பிள்ளைகளின் துப்பட்டாக்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தெற்கே பறந்தன. சேறு கலக்கித் தொளி அடித்த வயலின் ஈர வாசம் எங்கிருந்தோ ஏறிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வேர்த்துப் புழுங்கிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து “ஆ!” என்றார்கள். அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த வகுப்பிலும் அவர்களிடமிருந்து வாங்கியதில்லை. முதல்வர் கைக்குட்டையை இறக்கினார். நான் சொன்னேன்: “இதுதான் சார் அந்த வாடை.”

அதற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. அந்த மெமோவுக்காக முதல்வர் மேல் ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நான் எடுத்துவைத்த கோபத்தை மறு வருஷ வாடைக்கே பிடுங்கிக்கொண்டுவிட்டாய்.

நான் கோபக்காரன் இல்லை. கோபக்காரனுக்குக் கோபம் வந்து போகும். எனக்கு வந்தால் தங்கும். தவறு செய்தவன் நிம்மதியாக இருக்கும்போது, பட்டவன் மட்டும் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் நியாயம் தெரியவில்லை. இதை உன்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். “பாயிண்ட்டாத்தான் பேசுத. ஆனா சிரிக்க மாட்டுக்கியே” என்பாய்.

கோபங்களில் பெரியது என் அண்ணன் மேல். அப்பா ஆழ்வார்குறிச்சி வீட்டில் ஓர் ஐப்பசியில் இறந்தபோது நான் நாக்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ரயில் தாமதம். ஊரில் ஒரு துளி காற்று இல்லை. “இந்த வெக்கையில ஒடம்பு தாங்காது, எடுத்துருவோம்” என்று அண்ணன் முடிவு செய்தான். பாளையங்கோட்டையிலிருந்து போயிருந்த நீதான் தெருவில் நின்று அவனோடு சண்டை போட்டாய். ஐஸ் பெட்டி கொண்டுவர அம்பாசமுத்திரத்துக்கு ஆள் அனுப்பினாய். பெட்டி வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். நான் வந்து இறங்கியபோது வாசல் கழுவிவிடப்பட்டிருந்தது. அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் வாடை வந்தது. அஸ்தியோடு கடனா ஆற்றுக்கு நடந்தபோது எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். நான் சட்டைகூடப் போடவில்லை. நீயும் உன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தாய்.

அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் நான் கை நனைத்ததில்லை. அவன் மகன் கல்யாணத்துக்குப் போனேன், முன்வரிசையில் உட்கார்ந்தேன், அட்சதை போட்டேன். பந்திக்குக் கூப்பிட்டபோது செருப்பைத் தேடிப் போய்விட்டேன்.

அப்பா இறந்த மறு வருஷம், நாக்பூரை விட்டு இங்கே கல்லூரியில் சேர்ந்து உன் தெருவிலேயே குடிவந்திருந்தேன். முதல் வாடையன்று குல்லாயோடு வந்து என் கதவைத் தட்டினாய்.

“லே, காத்தே திரும்பிட்டு. நீ ஒரு ஆளு பக்கமாவது திரும்பக் கூடாதா?”

“யாரு பக்கம்?”

“பெருசு வேண்டாம். சின்னதா ஒண்ணு எடு. போயிட்டு வருவோம்.”

மனசுக்குள்ளே விட்டுவிட்டேன் என்று சொன்னால் உன்னிடம் செல்லாது. அந்த ஆள் வீட்டுக்கே போய்க் கை நனைக்க வேண்டும், நீ கூட இருந்து பார்க்க வேண்டும். முதலில் அகப்பட்டவர், என் கல்யாணத்தில் கேமராவுக்குள் பிலிம் ரோலே போடாமல் நாள் முழுக்கப் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்த போட்டோக்காரர். நாம் போனபோது ஸ்டூடியோவை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். முறுக்கும் காப்பியும் வந்தன. “இப்பவாது ஒரு படம் எடும் வே, இவனுக்கு ஒரு ஆறுதல்” என்றாய். அவர் ஆசையாக உன் போனை வாங்கி எடுத்தார். பாதிப் படத்தில் அவர் விரல்தான் இருந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே பைக்கை ஓட்டி ஒரு பள்ளத்தில் விட்டாய். நானும் சிரித்தேன் என்பதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

பிறகு ஒரு வருஷம் என் சித்தப்பா. கல்யாணத்துக்கு மறுநாள் நம் வீடுகளில் தேங்காய்ப்பால் சொதி வைப்பார்கள், கல்யாணத்துக்கு வராதவன்கூட அதற்கு வந்துவிடுவான். அந்தச் சொதி தீர்ந்துபோன கடைசிப் பந்தியில் என்னை உட்காரவைத்து ரசத்தை ஊற்றியவர் அவர். நீ முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறாய். போனால் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சொதி. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். “கோவம் நல்லாப் பசிக்க வச்சிருக்கு” என்று சித்தப்பா சிரித்தார். அவருக்கும் அந்தப் பந்தி நினைவிருந்தது.

இப்படி வாடைக்கு வாடை ஓர் ஆள் கையை விட்டுப் போய்க்கொண்டே இருந்ததால்தான் நான் விதியை இறுக்கினேன். சும்மா காற்று வந்தால் போதாது, தேங்காய் எண்ணெய் உறைந்தால்தான் வாடை. பௌதிகம் படித்தவன் வேறு எதை நம்புவான்? இதனால் உன் ஐப்பசி வாடை என் கணக்கில் கார்த்திகைக்குத் தள்ளிப்போயிற்று. நீ விடுகிற ஆளா? அடுத்த ஐப்பசியிலேயே துண்டில் சுற்றிய ஒரு புட்டியோடு வந்து நின்றாய். எண்ணெய் கருங்கல் மாதிரி இறுகியிருந்தது.

“பாத்துக்க. ஒறைஞ்சிருக்குல்லா?”

“புட்டி வேர்க்குது.”

“குளிர்ல சில பேருக்கு வேர்க்கும்.”

“இட்லி மாவு வாசம் அடிக்குது. கருவேப்பில வேற ஒட்டியிருக்கு.”

“எண்ணெயப் பாருலே, எலைய எதுக்குப் பாக்க?”

உன் பின்னாலேயே உன் மனைவி வந்துவிட்டாள். “அண்ணாச்சி, ராத்திரியே பிரிட்ஜுல கொண்டு வச்சாக. காலைல என் தலைக்கு வைக்க எண்ணெ இல்ல” என்று போட்டுக்கொடுத்தாள். நீ கொஞ்சமும் கூசவில்லை. “ஒறைஞ்சா வாடைன்னுதான சொன்ன? எதுக்குள்ள வச்சு ஒறையணும்னு சொல்லலையே” என்றாய். அந்த வருஷமும் என் கோபக் கணக்கில் ஒருவர் குறைந்தார்.

இப்படிக் கை நனைத்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பாய், தலையைத் திருப்பாமல்.

“தச்சநல்லூர் எப்போ?”

ஆழ்வார்குறிச்சி வீட்டைப் பூட்டிவிட்டு அண்ணன் அப்போது தச்சநல்லூருக்கு வந்திருந்தான்.

“அடுத்த வாடைக்கு.”

“சரி. பைய வா.”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை அழுத்தியதில்லை நீ.

போன ஆனியில் மேல்காற்று ஜன்னல்களை அறைந்துகொண்டிருந்த ஒரு நாளில் போய்விட்டாய். பங்குனியிலேயே டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உன் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, உன் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்திருக்கிறது, டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. என்னிடம் மட்டும் நீ சொல்லவில்லை. தினம் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போயிருக்கிறாய். பதினாறாம் நாள் கழிந்தபிறகு உன் மனைவியிடம் கேட்டேன்.

“ஏம்மா, என்கிட்ட மட்டும் ஏன் மறைச்சான்?”

“நானும் கேட்டேன் அண்ணாச்சி. ‘அவன்கிட்ட சொன்னா திருநவேலில உள்ள டாக்டர் பூராத்தையும் பகைச்சுக்கிடுவான். வாடைக்கு ஒரு ஆளுன்னா எந்தக் காலத்துல தள்ளி முடிக்க?’ன்னு சொன்னாக.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. துக்க வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்ததைக் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு வந்தது கோபம். அது வந்தது, தங்கிவிட்டது.

இந்த வருஷம் ஐப்பசியில் மழை வந்தது, காற்றும் திரும்பியது. டீக்கடைக்காரர், “சார், வாடை வந்துட்டு போலயே” என்றார். “கள்ள வாடை” என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். “கள்ள வாடை” என்றேன். ஊரே கம்பளியை எடுத்தபிறகும் நான் ஒருவன் மட்டும் விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு கிடந்தேன். ஏனென்றால் சில்லறைக் கோபங்களை எல்லாம் நீ ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டுப் போய்விட்டாய். கணக்கில் மிச்சம் இரண்டு பேர்தான். ஒன்று அண்ணன். இன்னொன்று நீ.

இன்றைக்கு எண்ணெய் உறைந்துபோனதும், வெந்நீரில் அது உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, உன்னைத் தள்ளிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். சுலபமான வழி. உன் வீட்டில் நான் கை நனைக்காத வாரமே இல்லை. போய் ஒரு காப்பி குடித்தால் சட்டப்படி முடிந்தது. அண்ணன் இன்னும் ஒரு வருஷம் பத்திரமாக இருப்பான். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உன் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினேன். அணைக்கவில்லை. உன் மனைவி உள்ளே யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டியைத் திருப்பி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, வடக்கே தச்சநல்லூருக்கு ஓட்டினேன். எதிர்க்காற்று. கண்ணில் நீர் வழிந்தது. குளிர்தான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்த அண்ணன் காதை மூடித் துண்டு கட்டியிருந்தான். அப்பாவின் கழுத்து அவனுக்கு வந்துவிட்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்த்தான். பிறகு உள்ளே பார்த்து, “ஏளா, யாரு வந்திருக்கான்னு பாரு” என்றான்.

மதினி வந்தாள். “வாங்க தம்பி” என்றாள். கொஞ்சம் தயங்கி, “தோசை ஊத்தட்டுமா? சாப்பிடுவீகளா?” என்று கேட்டாள்.

கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. திரும்பி வந்தபோது அண்ணன் எனக்குப் பலகையைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆளுக்கு ஒரு தோசை முடிந்தது. இரண்டாவது வந்தபோது அவன் சொன்னான்.

“என்ன குளிரு. வாடை வந்துட்டு.”

“வந்துட்டு.”

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோசையைப் பிய்க்கவில்லை.

“அன்னைக்கு ஒரு நா முந்தி வந்து தொலைஞ்சிருக்கலாம், சவம்.”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் செய்தது தப்புதான், அதில் எனக்கு மாற்றம் இல்லை. மதினியிடம் இன்னொரு தோசை கேட்டேன். “மொறுவலாவே ஊத்து. மெத்துனு இருந்தா இவன் சின்னதுலயே திங்க மாட்டான்” என்றான் அண்ணன். எத்தனையோ வருஷமாக யாரும் சொல்லிக் கேட்காத செய்தி அது, என்னைப் பற்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருக்கவைத்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்து அவன் கட்டிலிலேயே ஒரு தூக்கம் போட்டேன், நீ நம்பமாட்டாய்.

ஆக, நீ கேட்டுக்கொண்டே இருந்தது முடிந்தது. கூட இருந்து பார்க்க ஆள் இல்லாததால் செல்லாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

இனி மிச்சம் இருப்பது நீ ஒருவன். அதை நான் தள்ள மாட்டேன், எத்தனை வாடை வந்தாலும். மற்றவர்களை எல்லாம் விட்டபிறகும் எனக்கு வீடு இருந்தது, தெரு இருந்தது, உன்னோடு சண்டை இருந்தது. உன் மேலுள்ளதையும் விட்டுவிட்டால் நாளைக் காலையில் எழுந்து யாரை ஏசுவேன்? ஏன் சொல்லாமல் போனாய் என்று தினம் ஒரு தடவையாவது உன்னிடம் கேட்கிறேன். நீயும் தினம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிச் சிரிக்கிறாய். பேச்சு அறுந்துபோகாமல் இருக்கிறது. வெளியே இப்போது நன்றாகக் குளிர்கிறது. இந்தக் கோபம் மட்டும் நெஞ்சுக்குள் கணகணவென்று கிடக்கிறது. வாடைக்கு இதமாகத்தான் இருக்குலே.